ஊர்ப்பணியும் உதவிக்கொடையும்

திருவள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டும் கொடையைப் பற்றியனவே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. வறியவர் ஒருவருக்கு அவர் வேண்டுவதைக் கொடுப்பது ஈகை. ஊருக்குப் பொதுவாகிய நன்மையை ஊரோடு ஒத்து நின்று செய்வது ஒப்புரவு. ஈகையின் பயன் பெற்றவரது பசி தீர்ந்தவுடன் முடிதலுங் கூடும். ஒப்புரவின் பயனோ குளமாகவும் மரமாகவும் மருந்தகமாகவும் நெடுநாள் நிற்க வேண்டியது. இக்காலத்திலே சுற்றாடல், சுகாதாரம், கலை, இளைஞர் நலம் ஆகிய துறைகளில் ஊர்ச் சங்கங்களுக்கு வழங்கப்படும் உதவிக்கொடை இவ்வொப்புரவின் வழிப்பட்டதே. அதன் இயல்பு யாது, எங்கிருந்து வருகின்றது, எவ்வாறு பெறப்படுகின்றது, எதனாற் பயன்படுகின்றது, எதனால் வீணாகின்றது என்பவற்றைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடையின் இலக்கணம்

உதவிக்கொடை கடனன்று, ஆகவே அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது கைம்மாறு கருதாது அளிக்கும் தருமமுமன்று. ஆகவே பெற்றவர் தம் விருப்பப்படி செலவிடவும் இயலாது. இன்ன பணியை, இன்ன காலத்துள், இன்ன செலவிற் செய்து முடிப்போம் என்று ஒரு சங்கம் எழுத்தில் உறுதி கூற, அவ்வுறுதியை நம்பிக் கொடுக்கப்படும் பணமே உதவிக்கொடை. பணி முடிந்ததும் கணக்கும் அறிக்கையும் ஒப்புவிக்க வேண்டும். கொடுப்போர் அரசாங்கமாகலாம், ஐக்கிய நாடுகள் தாபனத்தின் ஒரு கிளையாகலாம், செல்வர் ஒருவர் நிறுவிய தரும நிதியமாகலாம், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சங்கமாகலாம். யாவர் கொடுப்பினும் இவ்விலக்கணம் பெரிதும் மாறுவதில்லை.

இத்தகைய கொடைகள் பலவற்றுக்கு மூன்று வரம்புகள் உண்டு. முதலாவது காலவரம்பு; ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. இரண்டாவது தொகைவரம்பு. மூன்றாவது பொருள்வரம்பு, அதாவது எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடலாகாது என்பது. கட்டிடம், கருவி, பயிற்சி ஆகியவற்றுக்குப் பணம் எளிதிற் கிடைக்கும். காவலாளியின் சம்பளத்துக்கும், மின்சாரக் கட்டணத்துக்கும், ஐந்தாம் ஆண்டிற் பழுதாகும் நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருத்துதற்கும் கிடைப்பது அரிது. ஆக்குவதற்குக் கொடுப்போர் பலர். காப்பதற்குக் கொடுப்போர் சிலர். ஊர்ப்பணிக் கொடைகளின் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் தீர்மானிக்கப்படுகின்றன. இதனைக் கீழ்வரும் வரலாறுகள் காட்டும்.

முன்னோர் கண்ட முறை

தமிழ் நாட்டுக் கல்வெட்டுக்களை நோக்குவோர்க்கு, காப்புக்கும் பொருள் வேண்டும் என்பதனை முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பது புலனாகும். ஏரியைக் காத்துத் தூர் வாருதற்கென்று தனியே நிலம் விடப்பட்டது. அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். அந்நிலத்தின் விளைவு ஏரிக்கே உரியது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) ஏரியைக் கண்காணிக்க ஏரி வாரியம் என ஒரு குழு ஆண்டுதோறும் குடவோலை முறையால் தெரியப்பட்டதைக் கூறுகின்றன. பொருள், பொறுப்பாளர், காலம் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே வகுக்கப்பட்டன.

கோயிலில் நந்தா விளக்கெரிக்கக் கொடுத்த கொடையும் அத்தகையதே. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது சோழர் காலத்திற் பரவலாகக் காணப்படும் அளவு. அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. ஆடு சாகும், மூக்கும் என்பதை அறியாதவர் அப்பெயரை இட்டாரல்லர். ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் குட்டிகளால் அவ்வெண்ணிக்கையை நிரப்பிக் கொண்டு, நாள்தோறும் அளந்த நெய்யைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். முதல் குறையாது, பயன் மட்டும் செலவாகும். இன்று நிலைநிதி என்று நாம் வழங்குவதும் இதுவே.

கார்னெகியின் நிபந்தனை

மேலைநாடுகளில் ஊர்களுக்குக் கொடை வழங்கியோருள் அண்ட்ரூ கார்னெகி முதன்மையானவர். 1835 இல் ஸ்கொத்லாந்தில் டன்பேர்ம்லின் என்னும் ஊரில் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, உருக்குத் தொழிலால் பெருஞ்செல்வரானவர். அவரது பணத்தால் உலகெங்கும் 2,509 நூலகங்கள் கட்டப்பட்டன என்பர். அவற்றுள் 1,679 அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அமைந்த பொது நூலகங்கள்.

அவர் எண்ணியளித்த தொகையினும் அவர் விதித்த நிபந்தனையே நாம் கற்க வேண்டியது. நூலகம் வேண்டும் என்று கேட்கும் ஊர் தானே நிலம் தரவேண்டும். மேலும், கொடைத்தொகையிற் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகப் பராமரிப்புக்கென்று தன் வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவதாக உறுதி செய்ய வேண்டும். பத்தாயிரம் டொலர் கேட்கும் ஊர் ஆண்டுக்கு ஆயிரம் டொலர் தானே செலவிடும் என்பது கருத்து. அவ்வுறுதியைக் கொடுக்க மனமில்லாத ஊர்கள் கொடையைப் பெறவில்லை. வேறு சில ஊர்கள் பிறிதொரு காரணத்தால் அவர் பணத்தை மறுத்தன. 1892 இல் ஹோம்ஸ்டெட் என்னுமிடத்தில் அவரது உருக்காலைத் தொழிலாளருக்கு நேர்ந்த துன்பத்தை அவ்வூரவர் மறக்கவில்லை. கொடுப்பவர் கை எங்கிருந்து எடுத்தது என்று கேட்கும் உரிமை பெறுபவருக்கும் உண்டு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இத்துணை நிபந்தனை இருந்தும் குறை நேராமலில்லை. கார்னெகி நிதியத்தின் வேண்டுகோட்படி அல்வின் ஜோன்சன் என்னும் அறிஞர் நூலகங்களை நேரிற் பார்வையிட்டு 1916 இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அழகிய கட்டிடம் இருந்தும் நல்ல நூல்களும் பயின்ற நூலகரும் இல்லாத ஊர்கள் பல என்று அவர் கண்டார். கட்டிடத்தைக் காட்டிலும் நூலகரின் பயிற்சிக்கே பணம் வேண்டும் என்றார். அடுத்த ஆண்டில் புதிய நூலகக் கட்டிடங்களுக்குக் கொடையளித்தல் நிறுத்தப்பட்டது. பராமரிப்புக்கு நிபந்தனை விதித்த கொடையாளருக்கே இவ்வனுபவம் என்றால், நிபந்தனையே இல்லாது கட்டப்படும் மண்டபங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையான வரலாறு நம் மண்ணிலே உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் கட்டிடத்திலிருந்து தொடங்கியதன்று. 1930 களில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே சிறிதாகத் தொடங்கிய நூல்நிலையம் ஊரவரின் ஆதரவால் வளர்ந்து, பின்னர் மாநகர சபையின் பொறுப்பாகி, 1959 இல் பெருங்கட்டிடம் கண்டது. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. கட்டிடத்துக்கு முன்னே வாசகர் இருந்தனர். கட்டிடம் எரிந்த பின்னும் வாசகர் இருந்தனர். அதனாலேயே அது மீண்டும் எழுந்தது.

சுகாதாரம்: கொழுக்கிப் புழு கற்பித்த பாடம்

நூலகத்திலிருந்து சுகாதாரத்துக்கு வருவோம். 1913 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட றொக்பெல்லர் நிதியம், இலங்கையில் 1916 இல் கொழுக்கிப் புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்து தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் மிகுந்திருந்தது. புழு இரத்தத்தை உறிஞ்ச, உடல் வெளிறி, உழைப்புக் குன்றி, பிறநோய்களுக்கும் அவர்கள் எளிதில் இரையாயினர். மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. ஆயினும் சில காலத்துள் அவர்களுக்கே மீண்டும் நோய் வந்தது. காரணம் எளியது. தோட்டங்களிற் போதிய மலகூடங்கள் இல்லை. அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோல் வழியே புழு மீண்டும் புகுந்தது. மருந்துக்குப் பிறர் பணம் வந்தது. மலகூடம் கட்டுதற்கும் அதனைப் பேணுதற்கும் தோட்ட முதலாளிகள் செலவிடத் தயங்கினர்.

இவ்வனுபவத்தின் பயனாக, ஒரு நோயை மட்டும் துரத்துவதை விட்டு ஓரிடத்தின் சுகாதாரத்தை முழுமையாக நோக்கும் முறை மேலோங்கியது. 1926 இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி ஒன்று நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், தாதி, மருத்துவமாது ஆகியோர் ஒரே பிரதேசத்தில் ஒருங்கே பணிபுரிந்து, நீர், மலகூடம், தாய் சேய் நலம், தடுப்பூசி என்பவற்றைக் கவனித்தனர். நிதியம் முன்னின்று செய்து காட்டுவது, பின்னர் அரசாங்கம் செலவைத் தானே ஏற்பது என்பதே கொள்கை. இன்று நாடெங்கும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு அதுவே முன்மாதிரி. வெளியார் பணம் நின்ற பின்னும் பணி நிற்கவில்லை. நிலையான ஒருவர் அதனைத் தம் கடமையாக ஏற்றமையே காரணம்.

சுற்றாடல்: காட்டைக் காத்த பாடசாலை

சுற்றாடற் கொடைகளுள் நினைக்கத்தக்க ஒன்று பசிபிக் சமுத்திரத்துச் சமோவா நாட்டில் நிகழ்ந்தது. சவாயித் தீவின் மேற்கு முனையில் பலெயலுப்போ என்னும் ஊர் உள்ளது. புதிய பாடசாலை கட்ட வேண்டும், இன்றேல் ஆசிரியரை இழக்க நேரும் என்ற நெருக்கடி அவ்வூருக்கு வந்தது. வேறு வருவாய் இல்லாமையால், ஊர்த்தலைவர்கள் தங்கள் மழைக்காட்டின் மரங்களை வெட்டும் உரிமையை 1988 இல் ஒரு மரக்கம்பனிக்கு எழுதிக் கொடுத்தனர். அக்காட்டு மூலிகைகளை ஆராய்ந்து வந்த போல் கொக்ஸ் என்னும் தாவரவியலறிஞர், பாடசாலைக்கு வேண்டிய பணத்தைத் தாம் திரட்டித் தருவதாகக் கூறினார். தலைவர்கள் மரம் வெட்டுவதை நிறுத்தினர். பாடசாலைக்குப் பணம், காட்டுக்குக் காப்பு என 1989 இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. அங்கே பணம் காட்டுக்குக் கொடுக்கப்படவில்லை. ஊரவர் உண்மையில் வேண்டியது எதுவோ அதற்கே கொடுக்கப்பட்டது. அதன் பின் காட்டைக் காக்க வேறு காவலர் வேண்டியிருக்கவில்லை.

அம்முயற்சியிலிருந்து பிறந்த சீக்கொலொஜி என்னும் நிறுவனம், 2015 இல் இலங்கை அரசாங்கத்துடனும் சிலாபத்துச் சிறு மீனவர் அமைப்பாகிய சுதீசாவுடனும் சேர்ந்து நம் நாட்டுக் கண்டற் காடுகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கரையோர ஊர்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது, அவ்வூர்ச் சங்கங்கள் தத்தம் கண்டற் காட்டைப் பாதுகாப்பது என்பது அதன் அமைப்பு. பிழைப்புக்கு வழி இருப்பவர் விறகுக்கும் வேலிக்கும் கண்டலை வெட்டார் என்னும் எண்ணமே அதற்கு அடிப்படை.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிய வேண்டும். 2004 மார்கழியிற் சுனாமி வந்த பின், கண்டல் நடுதற்கென்று இந்நாட்டுக்குக் கொடைகள் வந்து குவிந்தன. நட்டவற்றின் நிலையை ஆராய்ந்த ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. ஆராயப்பட்ட இடங்கள் 23. அவற்றுள் ஒன்பதில் ஒரு கன்றும் உயிருடன் இல்லை. நடப்பட்ட 1,000 தொடக்கம் 1,200 ஹெக்டயர் வரையான பரப்பில் 200 தொடக்கம் 220 ஹெக்டயரே தப்பிற்று. கன்றுக்கு ஒவ்வாத நிலத்தில் நட்டமை ஒரு காரணம். நட்ட பின் பார்ப்பாரின்றி விட்டமை மற்றொரு காரணம். மாடு மேய்ந்தது, பாசி படர்ந்தது, கேட்பாரில்லை. நடுவிழாவுக்குப் படமெடுத்தவர் பலர். ஆறு மாதம் கழித்து அவ்விடம் சென்றவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

ஊர்ச் சங்கங்களை நேரே நாடிவரும் கொடைகளில் பூகோளச் சுற்றாடல் நிதியத்தின் சிறுகொடைத் திட்டம் குறிப்பிடத்தக்கது. ரியோ மகாநாடு கூடிய 1992 ஆம் ஆண்டில் அது தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் அதனை நடத்துகின்றது. இலங்கை 1994 இல் அதிற் சேர்ந்தது. நெடுங்காலமாக ஒரு கொடைக்கு 50,000 டொலர் உச்ச வரம்பாக இருந்தது. விண்ணப்பங்களை அந்தந்த நாட்டிலே அமைந்த ஒரு குழு தீர்மானிக்கும். அக்குழுவில் அரசாங்கத்தைச் சாராதவரே பெரும்பான்மையினர். பணமாகவோ உழைப்பாகவோ ஊரவரின் பங்கும் எதிர்பார்க்கப்படும்.

கலை: களரியில் ஊன்றிய வேர்

கலைக்குக் கொடை வேண்டுமா என்று ஐயுறுவோர் உளர். மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை நோக்குவோம். ஊரவர் கூடி அண்ணாவியாரை அழைத்து, ஆட்டக்காரரைத் தெரிந்து, சட்டங்கொடுத்து, மாதக்கணக்காகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, பின்னரே அரங்கேற்றுவர். இத்தனைக்கும் ஊரே செலவிடும். அக்கலை மங்கிவந்த காலத்தில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழு, பேராசிரியர் சு. வித்தியானந்தனின் தலைமையில், அண்ணாவிமாரைத் தேடிச் சென்று கௌரவித்தது. கூத்துக்கள் மேடைக்கேற்பச் செம்மை செய்யப்பட்டன. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் 1962 இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசன் முதலியவற்றையும் ஆடினர். ஏட்டிற் கிடந்த கூத்துக்கள் அச்சேறின.

அதற்குச் செலவிட்ட பொருள் பெரிதன்று. பயன் பெரிதாயிற்று. ஏனெனில் ஆடத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர், விடிய விடியப் பார்க்கக் காத்திருந்தவர் ஆகிய மூவரும் ஏற்கனவே ஊரில் இருந்தனர். கொடை வேரை உண்டாக்கவில்லை. உள்ள வேருக்கு நீர் வார்த்தது. பார்ப்பாரில்லாத கலைக்குக் கட்டப்படும் அரங்கம் விரைவிலே கலியாண மண்டபமாகி விடுகின்றது.

இளைஞர்: நம்பிக் கொடுத்தலும் உழைத்துக் கொடுத்தலும்

இளைஞர் நலத்துறையில் இரு வகை முயற்சிகளை ஒப்பிட்டு நோக்கலாம். 1976 இல் பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ் கடற்படையிலிருந்து விலகியபோது பெற்ற 7,400 பவுணைக் கொண்டு, வேலையற்ற இளைஞருக்குச் சிறுகொடை வழங்கும் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் 21 முயற்சிகளுக்கு உதவி கிடைத்தது. இளைஞரே தம் எண்ணத்தை எழுதிக் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு.

நம் நாட்டில் 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். மாணவர் ஊரவருடன் தங்கி, வழி வெட்டி, கிணறு தோண்டி உழைத்தனர். சிரமதானம் என்னும் சொல்லை நாடறியச் செய்த சர்வோதய இயக்கம் அவ்வாறு பிறந்தது. முன்னையதில் முதியவர் இளைஞருக்குப் பணங் கொடுத்தனர். பின்னையதில் இளைஞர் ஊருக்கு உழைப்பைக் கொடுத்தனர். இளைஞர் நலத்துக்கென வரும் கொடை இவ்விரண்டையும் இணைக்குமாயின் நன்று. மேற்சட்டையும் விளையாட்டுப் பொருளும் வாங்கிக் கொடுத்து முடிந்துவிடும் திட்டம் இளைஞரைப் பெறுபவராகவே வைத்திருக்கும்.

பணத்தின் ஊற்று

இக்கொடைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதற்குப் பிரித்தானியாவின் தேசிய லொத்தர் ஒரு நல்ல விளக்கம். 1994 கார்த்திகையில் அது தொடங்கிற்று. சீட்டு விற்ற ஒவ்வொரு பவுணிலும் ஏறத்தாழ 28 பென்ஸ் பொதுநலத்துக்கென ஒதுக்கப்பட்டது. கலை, விளையாட்டு, மரபுரிமை, தருமப்பணி, புத்தாயிரமாண்டு என்பன தொடக்கத்தில் வகுத்த ஐந்து நோக்கங்கள். 1998 இல் சுகாதாரம், கல்வி, சுற்றாடல் என்பன சேர்க்கப்பட்டன. 2004 இல் இருநிதியங்கள் ஒன்றாகி, 2019 முதல் தேசிய லொத்தர்ச் சமூக நிதியம் என்னும் பெயருடன் இயங்குகின்றன. ஊரிலுள்ள சிறு சங்கமும் எளிய விண்ணப்பத்தால் 10,000 பவுண் வரை பெறலாம் என்றிருந்தது. 2023 இல் அது 20,000 ஆக உயர்த்தப்பட்டது. சீட்டு வாங்குவோரில் எளியவர் பலர் என்பதால், அவர் பணமே சுற்றிவந்து அவர் ஊருக்குச் சேர வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானதே.

விண்ணப்பம் எழுதும் முறை

இனி, யாழ்ப்பாணத்து ஊரொன்று தன் குளத்தைத் திருத்தக் கொடை கேட்பதாக வைத்துக்கொள்வோம். நம் குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மாரி மழை குளத்திலும் கேணியிலும் தங்கி, கல்லிடுக்குகளின் வழியே கீழிறங்கி, கிணறுகளை நன்னீரால் நிரப்புகின்றது. குளம் தூர்ந்தால் நீர் வழிந்து கடலைச் சேரும், கிணறு உவரும். ஆகவே குளம் ஊரின் பொதுச் சொத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் கொடையாளருக்கு அது போதாது. விண்ணப்பத்தில் ஐந்து வினாக்களுக்கு விடை வேண்டும்.

ஒன்று, குளம் யாருடையது? பிரதேச சபையினதா, கமநல சேவைத் திணைக்களத்தினதா, கோயிலினதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இன்றேல் பணி நடுவில் நிற்கும். இரண்டு, குறை யாது? எத்தனை கிணறுகள் எந்த மாதத்தில் வற்றின அல்லது உவர்த்தன என்று அளந்து குறிக்க வேண்டும். மூன்று, செய்யப்போவது யாது, எப்பொழுது? தூர் வாருதல் வைகாசி தொடக்கம் ஆவணி வரையான கோடையிலன்றி இயலாது. ஆகவே ஐப்பசியில் வந்து சேரும் பணம் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரும். இதனைக் கொடையாளருக்கு முன்னரே உணர்த்த வேண்டும். எடுக்கும் மண் எங்கே செல்லும், அதற்கு அனுமதி யார் தருவர் என்பதும் சொல்லப்பட வேண்டும். மண்ணால் எழுந்த பிணக்குகள் பல சங்கங்களைப் பிரித்திருக்கின்றன.

நான்கு, செலவு எவ்வளவு, ஊரின் பங்கு யாது? எடுத்துக்காட்டாக மொத்தச் செலவு 20 இலட்சம் ரூபா எனக் கொள்வோம். ஊரவர் 3 இலட்சம் சேர்க்கின்றனர். 200 ஆள்நாள் சிரமதானம் செய்கின்றனர்; நாளொன்றுக்கு 2,500 ரூபா கூலியென மதித்தால் அது 5 இலட்சம். எஞ்சிய 12 இலட்சமே கொடையாகக் கேட்கப்படுகின்றது. வெறுங்கையுடன் 20 இலட்சம் கேட்கும் ஊருக்கும் இவ்வூருக்கும் உள்ள வேறுபாட்டைக் கொடையாளர் எளிதில் உணர்வர்.

ஐந்தாவது வினாவே முதன்மையானது. கொடை முடிந்த பின் குளத்தைப் பார்ப்பவர் யார்? எண்பது வீடுகள் மாதம் நூறு ரூபா கொடுத்தால் ஆண்டுக்கு 96,000 ரூபா சேரும். வாய்க்கால் துப்புரவாக்கவும் ஆகாயத்தாமரை அகற்றவும் அணையைப் பேணவும் அத்தொகை உதவும். சனசமூக நிலையத்தின் கீழ் குளக்குழு ஒன்று, ஆண்டுக்கொருமுறை தெரிவு, கோயில் வீதியிலோ நிலையத்திலோ ஒட்டப்படும் கணக்கு என்பன எழுதப்பட்டிருந்தால் அவ்விண்ணப்பம் தனித்து நிற்கும். இந்த ஐந்தாவது விடையை உண்மையாக எழுத முடியாத ஊர் இன்னும் கொடைக்குத் தயாராகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கொடையால் விளையும் கேடுகள்

கொடை எப்பொழுதும் நன்மையே பயக்கும் எனல் பொருந்தாது. கொடையாளரின் விருப்பம் ஆண்டுதோறும் மாறும். ஓராண்டில் மரம், மறு ஆண்டில் கணினி என அவர் நோக்கம் மாற, ஊரும் தன் தேவையை மறந்து அவர் விருப்பத்துக்கேற்ப விண்ணப்பம் எழுதப் பழகி விடும். ஆங்கிலத்தில் அழகாக எழுத வல்லவர் உள்ள சங்கம் பணம் பெற, உண்மையில் உழைக்கும் மாதர் சங்கம் பின்தங்கும். முன்னர் ஊதியமின்றிச் சிரமதானத்துக்கு வந்தவர், கூட்டத்துக்கு வரவும் படி கேட்பர். ஒரே ஊரில் மூன்று சங்கங்கள் மூன்று கொடையாளரின் பெயர்ப்பலகையுடன் நிற்கும். இவை அங்கங்கே நாம் காணும் காட்சிகளே. கொடுப்போர் தமிழிலேயே சிறு விண்ணப்பம் ஏற்பதும், ஊரவரைக் கொண்டே தெரிவு செய்வதும், பணத்தைத் தவணையாகக் கொடுப்பதும், பணி முடிந்து மூன்றாம் ஆண்டில் ஒருமுறை வந்து பார்ப்பதும் இக்கேடுகளைப் பெரிதும் குறைக்கும்.

பழைய மாணவர் கடன்

இவை பிறர்க்கு மட்டும் உரியவை அல்ல. இலண்டனிலும் டொறொன்ரோவிலும் மெல்போணிலும் கொழும்பிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் இன்று தாமே கொடையாளராகி விட்டன. பாடசாலைக்கும் ஊருக்கும் அவர்கள் அனுப்பும் பொருள் சிறிதன்று. அப்பொருள் எதற்குச் செலவாகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. மண்டபமும் வளைவும் நிழற்படத்தில் எடுப்பாகத் தெரியும். விஞ்ஞானகூடத்து இரசாயனப் பொருள், நூலகத்துக்கு ஆண்டுதோறும் புதிய நூல், மலகூடத்தைத் துப்புரவு செய்பவரின் வேதனம் என்பன படத்தில் தெரியா. ஆயினும் மாணவரின் ஒவ்வொரு நாளும் இவற்றையே சார்ந்துள்ளது.

ஆகவே யூபிலி நினைவாகத் திரட்டப்படும் எந்நிதியிலும் ஒரு பகுதியேனும் நிலைநிதியாக வைக்கப்படுதல் வேண்டும் என்பது எமது கருத்து. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆடு குட்டி ஈனும். வங்கியிலிட்ட பணம் விலைவாசி ஏறும்போது உள்ளே தேயும். 2022 புரட்டாதியில் நம் நாட்டுப் பணவீக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது வரை சென்றதை மறத்தலாகாது. வட்டி முழுவதையும் செலவிடாது ஒரு பங்கை முதலுடன் சேர்த்து வருதலும், ஆண்டுதோறும் புதிய கொடைகளால் முதலை வளர்த்தலும் இன்றியமையாதன. சாவா மூவாப் பேராடுகளை அவ்வாறு காத்தவர் அவற்றைப் பொறுப்பேற்ற மக்களே.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அரசாங்க உதவியை நம்பித் தொடங்கவில்லை. அவர் வழியில் எழுந்த சைவப் பாடசாலைகளுக்கு அடுப்பேற்றும் முன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்த பெண்கள் பலர். பிடியரிசி சிறிது; ஆனால் அது நாள்தோறும் வந்தது. வெளியிலிருந்து பெருங்கொடை வருமாயின் நன்றியுடன் ஏற்போம். அது வந்து சேரும் நாளில் ஊரின் பிடியரிசிப் பானை வெறுமையாக இராதபடி பார்த்துக் கொள்ளுதல் நம் ஒவ்வொருவரின் கடனாகும்.